ஒரு பாட்டு, ஒரு சின்னக் குரல், நம் காது

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் மாதவி சோழ மன்னன் முன்னால் அரங்கேறுகிறாள். ஆனால் இளங்கோவடிகள் அவளை உடனே ஆடவிடுவதில்லை. முதலில் ஆடலாசானின் இலக்கணம். பிறகு இசையாசிரியன், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குபவன், குழலூதுபவன், யாழாசிரியன் என்று வரிசையாக ஒவ்வொருவருடைய தகுதியும் வருகிறது. அப்புறம் மேடை: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூணின் நிழல் விழாதபடி விளக்கு, மூன்று விதமான திரை. இவ்வளவுக்கும் பிறகுதான் அந்தச் சிறுமி மேடையில் வலக்காலை முன்வைத்து ஏறுகிறாள். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள்.

ஒரு கலைஞரின் முதல் அரங்கேற்றத்துக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பதை இதைவிட அழகாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் இளங்கோவடிகள் கடைசியில் மாதவியிடம் வந்து சேர்ந்தார். நாம் பல சமயம் வந்து சேர்வதே இல்லை. ஆசானையும் மேடையையும் விளக்கையும் பேசி முடித்துவிட்டு, ஆடினவளை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். இதற்கு ஓர் உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது ஓர் இந்திப் பாட்டு. சங்க மலரில் இந்திப் பாட்டா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். வெளி மாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் அந்தப் பாட்டு ஒலிக்காத வீடு குறைவு. அதைப் பற்றி நாம் சொன்ன தீர்ப்புக்கும் நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்கும் சம்பந்தம் உண்டு என்பதே நான் சொல்ல வந்தது.

பாட்டு வந்த கதை

1980-இல் பெரோஸ் கான் தயாரித்து, இயக்கி, நடித்த 'குர்பானி' வெளிவந்தது. வினோத் கன்னா, ஜீனத் அமன் உடன் நடித்தார்கள். படத்துக்கு இசை கல்யாண்ஜி ஆனந்த்ஜி. ஒரே ஒரு பாட்டு மட்டும் அவர்களுடையது அல்ல. அதுதான் 'ஆப் ஜைசா கோயி'. அதற்கு இசையமைத்தவர் பிட்டு அப்பையா (தின்கிற பிட்டு அல்ல, ஆளின் பெயர்). பெங்களூரில் பிறந்தவர். 1960-களில் லண்டனுக்குப் போய், அங்கே பாப் இசையில் பெயர் வாங்கினவர். 1974-இல் கார்ல் டக்ளஸ் பாடி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போன 'குங்ஃபூ ஃபைட்டிங்' பாட்டைத் தயாரித்தவர் இவரே. பெரோஸ் கான் பிறந்ததும் பெங்களூர்தான். ஆக, நம் ஊரில் பிறந்த இருவர் லண்டனில் சேர்ந்து செய்த காரியம் இது.

பாடினவர் நாஜியா ஹசன். 1965 ஏப்ரல் 3-இல் கராச்சியில் பிறந்தவர், லண்டனில் வளர்ந்தவர். அங்கே ஒரு விருந்தில் பெரோஸ் கானுக்கு அறிமுகமாகி, பிட்டுவிடம் பாடிக் காட்ட அனுப்பப்பட்டார். சினிமாவில் இது அவருடைய முதல் பாட்டு. பாடி வெளிவந்தபோது வயது பதினைந்து. அந்த ஒரே பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான பிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. அந்த விருதை அவ்வளவு சின்ன வயதில் அவருக்கு முன் யாரும் வாங்கியதில்லை.

எங்கள் வீட்டில்

நாங்கள் அப்போது அலசூரில் குடியிருந்தோம். மாடி வீட்டுக்காரர்கள் புதிதாக வாங்கிய டேப் ரிக்கார்டரில் இந்தப் பாட்டு நாள் முழுக்க ஓடும். எனக்குக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். தங்கைக்குப் பதின்மூன்று வயசு. நாலு வருஷமாகப் பாட்டு கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள். வர்ணம் வரைக்கும் வந்திருந்தாள். ஆனால் பாட்டு வாத்தியார் ஒரு நாள் அப்பாவிடம், "சுருதி நிக்குது, தாளமும் நிக்குது, சாரீரம்தான் பத்தலை" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் கொஞ்சம் அடங்கித்தான் போயிருந்தாள்.

இந்தப் பாட்டு வந்த பிறகு அவள் வாயில் அதுதான். பாத்திரம் கழுவும்போது, ரிப்பன் கட்டும்போது, மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது. நான் அப்போது பெரிய ரசிகன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, "இதெல்லாம் ஒரு குரலா? ஜலதோஷம் புடிச்ச மாதிரி மூக்குல பாடறா. லதாவைக் கேளு, அப்பத் தெரியும் பாட்டுன்னா என்னன்னு" என்றேன். அவள் சொன்ன பதில் இது: "அவளுக்கு ஏறக்குறைய என் வயசுதான் அண்ணா."

அந்தப் பதிலில் ஒரு முழு விமரிசனம் இருந்தது. எனக்கு அது புரியப் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு நான் சிரித்தேன். அவள் வீட்டில் பாடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டாள்.

மூன்று குற்றச்சாட்டுகள்

நான் அன்று சொன்னது என் சொந்தக் கருத்து அல்ல. சங்கீதம் தெரிந்தவர்கள், தெரிந்ததாக நினைத்தவர்கள், எல்லாரும் இந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னவற்றை மூன்றாகத் தொகுக்கலாம். குரல் மெலிந்தது, மூக்கொலி உள்ளது, பயிற்சி இல்லாதது என்பது முதலாவது. இது பாடகியின் திறமை அல்ல, ஒலிப்பதிவுக் கருவியின் வித்தை என்பது இரண்டாவது. இது அந்நிய டிஸ்கோவின் இறக்குமதி, நம் திரையிசையைக் கெடுக்க வந்தது என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குரல் மெலிது என்பது உண்மை. மூக்கொலி இருப்பதும் உண்மை. ஆனால் அந்தப் பாட்டின் மெட்டைக் கவனியுங்கள். சின்னச் சின்ன சொற்கட்டுகள். ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே போய்த் திரும்புகிற ஸ்வரங்கள். அடியில் ஒவ்வொரு அட்சரத்துக்கும் விடாமல் விழுகிற டிரம். கமகமும் குழைவும் கற்ற ஒரு பெரிய குரல் இதைப் பாடியிருந்தால், ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு வளைவு போட்டிருக்கும். அந்த வளைவு டிரம்முடன் மல்லுக்கு நின்றிருக்கும். நாஜியா சொல்லை நேராக வைக்கிறார், நேராக எடுக்கிறார். இட்டலித் தட்டில் மாவு ஊற்றுகிற மாதிரி, குழிக்கு அளவாக. 'இப்படி ஒருவர் வந்தால் நன்றாயிருக்கும்' என்பதுதான் பாட்டின் மொத்தச் சங்கதியும். பெரியவர்கள் பாடினால் அதில் ஏக்கமோ மயக்கமோ ஏறிவிடும். இந்தக் குரலில் அது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெண் தனக்குத்தானே நினைத்துப் பார்க்கிற யோசனை மாதிரி இருக்கிறது. குறை என்று நாங்கள் சொன்னதுதான் அந்தப் பாட்டின் குணம்.

இரண்டாவது, கருவியின் வித்தை. குரலின் மேலேயே குரலை ஏற்றிப் பதிவு செய்திருப்பது காதிலேயே தெரிகிறது. லண்டனில் பல தடங்களில் தனித்தனியே பதிவு செய்து சேர்க்கும் வசதி இருந்தது. பிட்டு அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். சரி. அப்படிக் குரலை இரட்டிக்க இரண்டு வழி உண்டு. பாடகரையே மறுபடி பாடவைத்து மேலே சேர்ப்பது ஒன்று. ஒரே பாட்டைக் கருவியில் இம்மியளவு தள்ளி ஒலிக்கவிடுவது இன்னொன்று. எந்த வழியானாலும் சரி, சுருதியில் பிசிறு இருந்தால் அந்தப் பிசிறும் சேர்ந்தே இரட்டிக்கும். கருவி குரலைப் பெருக்கும், இல்லாததைப் படைக்காது.

தவிர, இந்தக் குற்றச்சாட்டு நமக்குப் புதிதும் அல்ல. நாடக மேடையில் மைக் இல்லாத காலத்தில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசை வரைக்கும் எட்டும்படி பாட வேண்டியிருந்தது. உச்ச ஸ்தாயியும் கனத்த சாரீரமும் அன்று தேவை. பிறகு மைக் வந்தது. அதன் முன்னால் நின்று ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாஸும் காதோடு பேசுவது மாதிரி பாடினார்கள். அந்த மென்மையைக் கருவியின் தயவு என்று யாராவது தள்ளிவைக்கிறோமா? மைக் இல்லாவிட்டால் அந்தக் குரல்கள் மூன்றாம் வரிசையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் அவர்கள் நமக்குப் பெரிய பாடகர்கள்தான். ஒரு புதிய கருவி ஒரு புதிய வகைக் குரலுக்குக் கதவைத் திறக்கிறது. திறந்த கதவு வழியாக வந்தவரைக் கதவுக்குச் சொந்தமாக்கிவிடக் கூடாது.

மூன்றாவது, டிஸ்கோ வெள்ளம். 1982-இல் 'டிஸ்கோ டான்ஸர்' வந்து பப்பி லஹரியின் இசை ஊரெல்லாம் ஒலித்தது. தமிழிலும் ஆடை, விளக்கு, டிரம் சகிதம் டிஸ்கோ வந்து சேர்ந்தது. அவற்றில் நல்லதும் உண்டு, சகிக்க முடியாததும் உண்டு. ஆனால் பின்னால் வந்தவர்கள் பலர் எடுத்துக்கொண்டது டிரம்மை. விட்டுவிட்டது அந்தக் குரலை. பதினைந்து வயதுப் பெண் பதினைந்து வயதுப் பெண்ணாகவே பாடலாம் என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதிகம் பேர் இல்லை. நகல்களின் குற்றத்துக்கு மூலத்தைக் கூண்டில் ஏற்றுவது நியாயம் ஆகாது.

உண்மையான ஆட்சேபம்

அப்படியானால் இந்தப் பாட்டில் குறையே இல்லையா? உண்டு. சொற்கள் மிக எளியவை, திரும்பத் திரும்ப வருகின்றன. நாலு நிமிஷத்துக்கு மேல் தாங்காத பாட்டு. அதைவிட முக்கியமான ஆட்சேபம் ஒன்று எனக்கு உண்டு. படத்தில் ஜீனத் அமன் இரவு விடுதியில் பாடுகிற பெண்ணாக வருகிறார். ஆண்களின் பார்வைக்காகவே அமைத்த காட்சி. அந்த உடம்புக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் குரலை வைத்தார்கள். இதில் ஒரு கூசல் இருக்கத்தான் செய்கிறது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது புரியும். குரல் நன்றாக இல்லை என்று ஆயிரம் பேர் சொன்னார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்கு இந்தக் காட்சி பொருத்தமா என்று கேட்டவர்கள் யாரும் என் நினைவில் இல்லை. நானும் கேட்கவில்லை. விமரிசனம் என்று நாம் செய்தது, கேட்க வேண்டியதை விட்டுவிட்டுக் கேட்கக் கூடாததைக் கேட்டதுதான்.

பின்னணிப் பாட்டு என்பதே ஒரு ஒப்பந்தம். திரையில் தெரிகிற உடம்பும் காதில் விழுகிற குரலும் ஒன்றென்று நாம் ஒத்துக்கொள்கிறோம். எஸ். ஜானகி குழந்தைக் குரலில் பாடும்போது, பெரியவர் குழந்தையாவதை வியந்து ரசித்தோம். அது தேர்ந்த கலைஞரின் சாமர்த்தியம். இங்கே நடந்தது தலைகீழ். சின்னப் பெண் பெரியவருக்குப் பாடினார், ஆனால் பெரியவர் மாதிரி நடிக்கவில்லை. இதே படத்தில் இதே ஜீனத்துக்குக் காஞ்சனும் பாடியிருக்கிறார். அந்தக் குரல் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நாஜியாவின் குரல் ஒட்டவில்லை, தனியாகத் தெரிகிறது. படத்தை மறந்தவர்களுக்கும் குரல் மறக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். திரைக்குப் பின்னால் இருந்துகொண்டே, 'நான் வேறு ஒருத்தி' என்று சொன்ன குரல் அது.

பிறகு நடந்தவை

அடுத்த வருஷமே, 1981-இல், தம்பி ஜோஹேபும் சேர்ந்து பாடிய 'டிஸ்கோ தீவானே' வெளிவந்தது. படம் இல்லை, கதாநாயகி இல்லை, குரலும் அதற்குச் சொந்தமான முகமும் மட்டும். அது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஏராளமாக விற்றது. சினிமாவைச் சாராத பாப் இசைக்கும் இங்கே கேட்பவர்கள் உண்டு என்பது அதில் நிரூபணமாயிற்று. 1995-இல் அலிஷா சினாய் பாடி வீடுதோறும் ஒலித்த 'மேட் இன் இந்தியா'வுக்கும் இசை அதே பிட்டுதான். அந்தப் பாதை 1980-இல் போடப்பட்டது.

நாஜியா பாட்டையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ளவில்லை. சட்டம் படித்தார். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்த்தார். நுரையீரல் புற்றுநோயால் 2000 ஆகஸ்ட் 13-இல் லண்டனில் காலமானார். வயது 35. பாகிஸ்தான் அரசு 2002-இல் அவர் மறைவுக்குப் பின் உயரிய விருதொன்றைக் கொடுத்துக் கௌரவித்தது. 2012-இல் 'ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்' படத்தில் 'டிஸ்கோ தீவானே'யைப் புதுப்பித்தபோது, புதுக் குரல்களுடன் அவருடைய பழைய குரலையும் சேர்த்துக்கொண்டார்கள். 2022-இல் 'ஆன் ஆக்‌ஷன் ஹீரோ' படத்தில் 'ஆப் ஜைசா கோயி' மறுபடி வந்தது, வேறு குரல்களில். மெட்டு இருக்கிறது, டிரம் இருக்கிறது, பளபளப்பு முன்னைவிட அதிகம். கேட்டுப் பார்த்தேன். கருவிதான் எல்லாம் என்று சொன்ன எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே பதில். நாற்பது வருஷத்தில் கருவி எத்தனையோ மடங்கு வளர்ந்துவிட்டது. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கிற அந்தப் பெண் அதில் இல்லை.

நம் மதிப்பெண் தாள்

இதை ஏன் சங்க மலரில் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஆண்டு விழாவில் சிறுவர் பாட்டுப் போட்டிக்குப் பல வருஷமாக நடுவராக உட்கார்ந்து வருகிறேன். சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம், குரல் வளம் என்று ஐந்து கட்டம், கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். குரல் வளம் என்ற கட்டத்தில் நாங்கள் மனசில் வைத்திருக்கும் அளவுகோல் பி. சுசீலா, அல்லது எம்.எஸ். எட்டு வயசுக் குழந்தைக்கும் அதே அளவுகோல்தான். அந்த மேடையில் 1980-இல் நாஜியா ஹசன் ஏறியிருந்தால் முதல் சுற்றிலேயே இறங்கியிருப்பார். நானே இறக்கியிருப்பேன். பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதூப்புக்குப் பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் இடம் கிடைக்கவில்லை என்பது பலருக்குத் தெரிந்த கதை. கனத்த குரல் என்பது அங்கே குற்றம். இங்கே மெலிந்த குரல் குற்றம். நம் காதுக்குப் பழகின ஒன்றிரண்டு குரல்களைத் தவிர மற்றதெல்லாம் குற்றமாகவே இருக்கிறது.

சங்கீதப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரை விட்டு வந்த நாம் பாட்டு கிளாஸையும் திருப்புகழையும் கையில் பிடித்துக்கொண்டிருப்பது நல்ல காரியம். அதனால்தான் நம் பிள்ளைகள் வாயில் தமிழ் நிற்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு குழந்தை முதல் தடவையாக வாய் திறந்து பாடும்போது, அந்தக் குரல் என்ன என்று முதலில் கேட்போம். யார் மாதிரி இல்லை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரைக்காக அந்தப் பழைய பாட்டை மறுபடி கேட்ட அன்று ராத்திரி தங்கைக்குப் போன் செய்தேன். அவள் இப்போது புனேவில் இருக்கிறாள், பாட்டி ஆகிவிட்டாள். "அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"பாட்டும் ஞாபகம் இருக்கு. நீ சொன்னதும் ஞாபகம் இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

வரும் ஆண்டு விழாவில் குரல் வளம் என்ற கட்டத்தை எடுத்துவிடலாம் என்று செயற்குழுவிடம் கேட்கப் போகிறேன். சுருதியும் தாளமும் உச்சரிப்பும் பாவமும் போதும். குரல் அந்தக் குழந்தையுடையதாகவே இருக்கட்டும். அதற்கு மதிப்பெண் போட நாம் யார்?